மகன் பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறான். ஆன்லைன் பள்ளியில் சேர்க்கலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்குப் பதின்மூன்றரை வயது. தனியார் மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு, ஆங்கில வழி. ஜூலையிலிருந்து காலையில் வயிற்றுவலி, சில நாள் வாந்தி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை. காலாண்டுத் தேர்வில் மூன்று பாடங்களில் பாதித் தாள் வெறுமையாக இருந்திருக்கிறது. அதே கேள்விகளை வீட்டில் கேட்டால் வாயாலேயே முழுதாகச் சொல்லிவிடுகிறான். எழுதச் சோம்பேறித்தனம் என்கிறார் வகுப்பாசிரியர். மாலையில் இரண்டு மணி நேரம் டியூஷன் வேறு. அடுத்த வருடம் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் போட்டால் சரியாகிவிடுவான் என்பது அப்பாவின் முடிவு. துபாயில் இருக்கும் தாய்மாமனோ ஆன்லைன் பள்ளிதான் வழி என்கிறார். குகேஷ் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தித்தானே உலக சாம்பியன் ஆனார் என்று கேட்கிறார். ஒரு ஆன்லைன் நிறுவனம், மாதக் கடைசிக்குள் முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால் சலுகை என்று தினமும் போன் செய்கிறது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து படித்தபோது பையன் சந்தோஷமாக இருந்தான் என்பதும் தாயின் நினைவில் இருக்கிறது. அவர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். கணவர் வாரத்தில் பாதி நாள் வெளியூர். பகலில் வீட்டில் மாமியார் மட்டும். “தேவைப்பட்டால் வேலையை விடவும் தயார். என் பிள்ளை சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகிறது” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகள் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. முதல் பக்கத்தில், “செவ்வாயும் வெள்ளியும்தான் வலி ரொம்ப அதிகம். கண் பட்டிருக்கும் என்று மாமியார் சுற்றிப் போடுகிறார்” என்கிறீர்கள். பின்னால் டியூஷனைப் பற்றிச் சொல்லும்போது, பள்ளியில் வாரத்தேர்வு நடக்கும் நாட்களைப் போகிற போக்கில் குறிப்பிடுகிறீர்கள். அதுவும் செவ்வாய், வெள்ளி. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அவன் பள்ளிக்கூடத்தையே வெறுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் மாலை காலனிப் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடுகிறான், விளையாட்டு விழாவுக்கு ஒரு நாளும் லீவு போடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனிதர்களைக் கண்டு ஒதுங்குகிற பிள்ளை இப்படி இருக்க மாட்டான். அவனுக்குப் பயம் எழுதுவதில் இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய அறிவியல் நோட்டின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘டெம்பரேச்சர்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறான். முதல் நான்கு வரி நேராகப் போகிறது. அப்புறம் எழுத்து பெரிதாகி, கோட்டை விட்டு இறங்கி, ஒன்பதாவது வரியில் பாதிச் சொல்லோடு நின்றுவிடுகிறது. ஓரிடத்தில் அழித்து அழித்துத் தாள் கிழிந்திருக்கிறது. சோம்பேறிப் பிள்ளை தாள் கிழியும் அளவுக்கு அழித்து எழுத மாட்டான், அம்மா. அந்தப் பக்கத்தில் நான் பார்த்தது நிறைய முயற்சி.

கடிதத்தையும் இரண்டு படங்களையும் வைத்து இன்ன குறைபாடு என்று யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் வாயால் சரளமாகச் சொல்வது, எழுத்தில் திணறுவது, பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது எல்லாம் சேர்ந்து வந்தால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முறையாகப் பரிசோதித்தே ஆக வேண்டும். கற்றல் குறைபாடு என்றால் புத்தி மட்டு என்று அர்த்தமில்லை. நல்ல அறிவுள்ள பிள்ளைகளுக்கும் வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் இந்தச் சிக்கல் வரும். ஆறாம், ஏழாம் வகுப்பு வரை ஞாபகசக்தியை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். எட்டாம் வகுப்பில் எழுத்து வேலை கூடும்போது மாட்டிக்கொள்வார்கள்.

வயிற்றுவலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் அவன் நடிக்கிறான் என்று உங்கள் கணவர் நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பதற்றத்தில் வரும் வலி உண்மையான வலிதான். குடலின் அசைவும் வயிற்றின் சுரப்பும் பயத்தில் நிஜமாகவே மாறுகின்றன. அவனிடம் “வலிக்கவில்லை” என்று வாதாடாதீர்கள்.

ஆன்லைன் பள்ளி யாருக்கு ஒத்துவரும்?

எனக்கு ஆன்லைன் கல்வி மேல் வெறுப்பு எதுவும் இல்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் சரியான வழி என்று நானே பரிந்துரைத்திருக்கிறேன். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா பிள்ளைகள், தினமும் பல மணி நேரப் பயிற்சி தேவைப்படும் விளையாட்டு வீரர்கள், பெற்றோரின் பணி மாற்றத்தால் அடிக்கடி ஊர் மாறுகிறவர்கள், சத்தமும் கூட்டமும் தாங்க முடியாத ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் போன்றவர்களுக்கு, தன் நேரத்துக்குத் தகுந்தபடி படிக்க முடிவது பெரிய விடுதலை. முறையான பரிசோதனைக்குப் பிறகு, எழுத்துச் சிக்கல் உள்ள சிலருக்கும் அது உதவும். பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம், நிறுத்தலாம், தட்டச்சு செய்து பதில் தரலாம்.

ஒரு பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க நான் முதலில் கேட்பது, வீட்டில் இருக்கும் நாளில் அவன் என்ன செய்கிறான் என்பதைத்தான். லீவு நாளில் யாரும் சொல்லாமலேயே ஒன்றைத் தேடிப் படிக்கிறானா? ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கிறானா? பயம் நீங்கியதும் பழைய கலகலப்பு திரும்புகிறதா, அல்லது வீட்டிலேயே இருந்தும் அறைக்குள் முடங்குகிறானா? வீட்டில் இருக்கும்போது ஆர்வமும் தெளிவும் கூடினால் அது நல்ல அறிகுறி. வீட்டிலும் போனைத் தவிர எதிலும் மனம் போகவில்லை என்றால், ஆன்லைன் பள்ளி அவனை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பயத்தால் ஒதுங்குகிற பிள்ளைக்கு வீடு உடனடி நிம்மதியைத் தரும். அந்த நிம்மதிதான் ஆபத்து. ஒரு வாரம் போகாவிட்டால் அடுத்த வாரம் போவது இன்னும் கஷ்டமாகும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இடத்தை மட்டும் மாற்றினால், பயம் அப்படியே இருக்கும், பள்ளிக்கூடம் மட்டும் போய்விடும்.

உங்கள் தம்பி குகேஷைச் சொல்கிறார். குகேஷ் சதுரங்கத்துக்காக வழக்கமான பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். அவருடைய தந்தை தன் மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு, போட்டிக்குப் போட்டி உடன் போனார். அந்தப் பிள்ளைக்கு நாள் முழுவதையும் கேட்கும் ஒரு வேலை இருந்தது, பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். உங்கள் மகனுக்கு இப்போது அந்த இரண்டில் எது இருக்கிறது என்று தம்பியிடம் அன்பாகக் கேளுங்கள்.

கொரோனா காலத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அப்போது அவன் சின்ன வகுப்பில் இருந்தான். வாரத்தேர்வு கிடையாது, பலகை கிடையாது, எல்லோரும் தேர்ச்சி. நீங்களும் பல நாள் வீட்டில் இருந்தீர்கள். அவன் சந்தோஷமாக இருந்ததற்குக் காரணம் ஆன்லைன் வகுப்பா, அல்லது எழுதச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தாததா? எழுத்துப் பழக வேண்டிய வயதில் ஒன்றரை வருடம் பள்ளி இல்லாமல் போனதும் இன்றைய சிக்கலில் ஒரு பங்காக இருக்கலாம். பரிசோதிக்கும் நிபுணரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

சான்றிதழில் யார் பெயர் இருக்கும்?

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். நிறுவனத்தின் விளம்பரத்தில் ‘சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, அது சி.பி.எஸ்.இ. பள்ளி என்று நினைத்திருக்கிறீர்கள். பாடத்திட்டத்தை யார் வேண்டுமானாலும் சொல்லித் தரலாம். சி.பி.எஸ்.இ. அங்கீகாரம் பெற நிலம், கட்டடம், ஆய்வகம் எல்லாம் வேண்டும். இணையத்தில் மட்டும் இயங்கும் தனியார் நிறுவனம் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் தர முடியாது. இப்படிப் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். வழியாகத்தான் தேர்வு எழுதுகிறார்கள். சிலர் வெளிநாட்டு வாரியத் தேர்வுகளுக்குப் போகிறார்கள்; அதற்குச் செலவு அதிகம்.

என்.ஐ.ஓ.எஸ். 1989இல் தொடங்கப்பட்டது. அதன் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களை மத்திய அரசு அங்கீகரித்திருக்கிறது. அங்கே படித்தவர்களும் நீட் தேர்வு எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம் போதும்; அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். ஓவியம், மனையியல் போன்றவற்றையும் பாடமாக எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடத்தின் மதிப்பெண் அப்படியே இருக்கும். இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. கணக்கை விட்டுவிடலாமே என்று மட்டும் அவசரப்படாதீர்கள். பிறகு கணிதப் பிரிவு, பாலிடெக்னிக் என்று போகும்போது அந்தக் கதவு மூடியிருக்கும். பின்னாளில் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆன்லைன் பள்ளியில் தேர்வும் வீட்டிலேயே இருக்கும் என்று மகன் நம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். என்.ஐ.ஓ.எஸ். பொதுத்தேர்வு, மையத்துக்கு நேரில் போய்ப் பேனாவால் எழுதும் தேர்வுதான். அவன் எதற்குப் பயப்படுகிறானோ அது கொஞ்சம் தள்ளிப் போகுமே தவிர, இல்லாமல் போகாது. இதை அவனிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வியை உரிமையாக்குகிறது. வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும் பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. ஆனால் நடைமுறைச் சிக்கல் உண்டு. மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் சேர்க்காவிட்டால், கல்வித்துறையின் ‘எமிஸ்’ பதிவில் அவன் இடைநின்ற மாணவனாகக் கணக்காவான். விசாரிக்க வீட்டுக்கு ஆள் வரலாம். அது பெரிய விஷயமில்லை. எட்டாம் வகுப்பின் நடுவில் நிறுத்தினால், பிறகு மனம் மாறி ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப் போகும்போது காட்டுவதற்குத் தேர்ச்சிப் பதிவு இருக்காது. அதுதான் பெரிய விஷயம். என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், இன்றே நிறுத்தினாலும் அவனை உடனே அங்கே சேர்க்க முடியாது. ஏப்ரல் வரை பொறுத்தால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கையில் இருக்கும், அவனுக்கும் 14 ஆகியிருக்கும். எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம் இல்லை.

இதே எண்ணத்தில் இருக்கும் அரசுப் பள்ளிப் பெற்றோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும் இதுபோன்ற நிபந்தனை உண்டு. நடுவில் வெளியேறினால் இவை போய்விடும்.

இருக்கும் பள்ளியிலேயே கேட்கக்கூடிய உரிமைகள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பரிசோதனையில் அது உறுதியாகி, முறையான மருத்துவச் சான்று இருந்தால், தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம். சொல்வதை எழுதுபவர் கேட்கலாம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாயால் முழுதாகப் பதில் சொல்லும் உங்கள் மகனுக்கு, சொல்வதை எழுத ஒருவர் இருந்தால் என்ன மதிப்பெண் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பரிசோதனைக்கு மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போய், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். பெயரைப் பார்த்துக் கைக்குழந்தைகளுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 18 வயது வரை பார்ப்பார்கள். அதற்கு முன் கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் முடித்துவிடுங்கள். பலகை சரியாகத் தெரியாமலேயே மாதக்கணக்கில் திட்டு வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அறிக்கை வரும் வரை காத்திருக்காமல், வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து மூன்று சின்ன உதவிகள் கேளுங்கள். பலகையில் எழுதுவதைப் படமெடுத்து அனுப்பட்டும் அல்லது நண்பனின் நோட்டை நகலெடுக்க விடட்டும். வாரத்தேர்வில் பாதிக் கேள்விகளை வாய்மொழியாகக் கேட்கட்டும். தாளை வகுப்பில் எல்லோர் முன்னும் காட்ட வேண்டாம். அவர் மோசமானவர் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அவருக்கு இது தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் அடிப்பது, அவமானப்படுத்துவது நடக்கிறது என்று தெரிந்தால், அது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டது. 14417 என்ற கல்வி உதவி எண்ணையோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ அழைக்கலாம். வேன், கழிப்பறை, இடைவேளை பற்றியும் மெதுவாகப் பேச்சுக்கொடுங்கள். நான் எழுத்துப் பக்கமாக ஊகிக்கிறேன் என்பதற்காக மற்றதை விட்டுவிடக் கூடாது.

டியூஷனை இப்போதைக்கு நிறுத்துங்கள். பகல் முழுக்க எழுத்தோடு போராடிவிட்டு வரும் பிள்ளைக்கு மாலையிலும் அதையே தருவது மருந்தாகாது. உங்கள் கணவர் சொல்லும் ஹாஸ்டல் யோசனையில் எனக்கு இன்னும் அதிகப் பயம். தினத்தேர்வு, இரவுப் படிப்பு என்று அதே எழுத்து வேலை நீளும். வலிக்கிறது என்று சொல்ல அம்மா பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியாத பயத்தில் சொல்கிறார். பரிசோதனைக்கு அவரையும் கூட்டிப் போங்கள். நோட்டை நிபுணர் விளக்கும்போது அவர் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

வேலையை விடுவதைப் பற்றி இந்தக் கட்டத்தில் யோசிக்கவே வேண்டாம். பின்னால் ஆன்லைன் கல்விதான் என்று முடிவானாலும், பகலில் பாட்டியை மட்டும் நம்பிப் பதினான்கு வயதுப் பையனை லேப்டாப்போடு விட முடியாது என்பது நிஜம். அப்போது பாதிநேர வேலையா, பக்கத்தில் இருக்கும் கற்றல் மையமா என்று பார்க்கலாம். மாலை கிரிக்கெட்டை மட்டும் எந்த ஏற்பாட்டிலும் விட்டுவிடாதீர்கள்.

ஆன்லைன் முறை ஒத்துவருமா என்று பார்க்க அரையாண்டு விடுமுறை வசதியான நேரம். என்.ஐ.ஓ.எஸ். பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவனையே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தினமும் இரண்டு மணி நேரம், நேரத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும். இரவில் ‘இன்று என்ன புரிந்தது’ என்று மட்டும் கேளுங்கள். யாரும் விரட்டாமல் பத்து நாள் ஓடினால், அடுத்த ஆண்டு இதைத் தைரியமாகப் பேசலாம். மூன்றாம் நாளே விளையாட்டு ஆப் திறந்திருந்தால் திட்ட வேண்டாம்; இப்போதைக்கு அவனுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று தெரிந்துகொள்கிறீர்கள்.

சிரிப்பு நின்றுபோனது என்கிறீர்களே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ, விளையாடப் போவதை நிறுத்தினாலோ, ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரி ஒரு சொல் வாயில் வந்தாலோ, பரிசோதனை தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

இன்றிரவு அவனை உட்கார வைத்து, “உனக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கா?” என்று கேளுங்கள். மதிப்பெண் பற்றிப் பேச வேண்டாம். அவன் ஆமாம் என்றால், அது சோம்பேறித்தனம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும் என்பதை உங்கள் வாயால் அவன் கேட்கட்டும்.

அந்த நிறுவனம் மறுபடி போன் செய்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் யார் பெயர் இருக்கும், நடுவில் நின்றால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்ற இரண்டையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மாதக் கடைசிச் சலுகைக்காக ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் எழுதுங்கள். அதை வைத்து ஒன்பதாம் வகுப்பைப் பற்றிப் பேசுவோம்.